காட்டுத் தீயும் வான்வழி மீட்பும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் இயலும் இசையும் நாடகமும் பேசப்படுவதே வழக்கம். இவ்வாண்டு காட்டுத் தீயைப் பற்றிப் பேசுவதென்று முடிவாயிற்று. தலைநகரில் வாழும் தமிழர்க்கும் காட்டுத் தீக்கும் என்ன உறவு என்று நம் நண்பர்கள் சிலர் வியப்புடன் வினவினர். பழைய உறவும் உண்டு. புதிய உறவும் உண்டு. பழையதை முதலில் சொல்லிவிடுவோம். அது கதையாதலின் செவிக்கு இனிதாயிருக்கும்.

நாம் இன்று கூடியிருக்கும் இத்தில்லி மாநகரின் பழங்கதை ஒரு காட்டுத் தீயோடு பிணைந்திருக்கிறது. யமுனைக் கரையிலிருந்த காண்டவ வனத்தை உண்ணத் தீக்கடவுள் விரும்பினான் என்றும், கண்ணனும் பார்த்தனும் இருபுறமும் நின்று ஓருயிரும் வெளியேறாதவாறு காவல் புரிந்தனர் என்றும் மாபாரதம் கூறும். ஓடிய விலங்குகள் வீழ்ந்தன. வானில் எழுந்த பறவைகளும் அம்பு பட்டுத் தீயில் விழுந்தன. பிழைத்தவர் அறுவரே: தக்ககன் மகனாகிய அசுவசேனன் என்னும் நாகன், தச்சனாகிய மயன், சார்ங்கப் பறவையின் குஞ்சுகள் நான்கு. இவர்களுள் நாகன் தப்பியது வான்வழியே. அவனை அவன் தாய் விழுங்கிக்கொண்டு மேலெழுந்தாள், அம்பு தாயின் தலையைக் கொய்தது, மகன் தப்பினான். குஞ்சுகளின் கதையோ இன்னும் உருக்கமானது. தாய்ப்பறவையாகிய ஜரிதைக்குச் சிறகு உண்டு. குஞ்சுகளுக்குச் சிறகு முளைக்கவில்லை. நால்வரையும் தூக்கிக்கொண்டு பறக்க இயலாது. ஒருவரைத் தூக்கி மூவரை விடவும் மனம் இடந்தரவில்லை. எலி வளைக்குள் ஒளிந்துகொள்ளுங்கள், வாயிலை மண்ணால் மூடிவிடுகிறேன் என்கிறாள் தாய். எலிக்கு இரையாவதினும் எரிக்கு இரையாவது மேல் என்று குஞ்சுகள் மறுத்து, நீயாவது பறந்து போ என்கின்றன. தாய் அழுதுகொண்டே பறந்துவிடுகிறாள். பின்னர் தீக்கடவுளைப் போற்றிக் குஞ்சுகள் உயிர் பெற்றன என்று கதை முடிகிறது.

இந்திரப்பிரத்தம் இருந்த இடம் நம் பழைய கோட்டைதானா என்பதை ஆராய்ச்சியாளரிடம் விட்டுவிடுவோம். நமக்கு வேண்டியது ஜரிதையின் கணக்கு. தீ வருகிறது, சிறகுள்ளவர் ஒருவர், இல்லாதவர் பலர், யாரைத் தூக்குவது, எப்போது தூக்குவது, தூக்க முடியாதவரை எங்கே ஒளிப்பது? இன்று விமானமும் ஹெலிகாப்டரும் வந்த பின்னும் கணக்கு மாறவில்லை.

புதிய உறவு இரு திசைகளில் இருக்கிறது. வடக்கே, மே மாதத்தில் தில்லி கொதிக்கும்போது குழந்தைகளை அழைத்துக்கொண்டு நைனிதாலுக்கும் அல்மோராவுக்கும் முக்தேசுவரத்துக்கும் செல்லாத தமிழ்க் குடும்பம் நம்மில் குறைவு. அந்த மலைகளின் தீப்பருவமும் அதே மாதங்கள்தாம். தெற்கே, நம் உற்றார் உறவினர் வாழும் மேற்குத் தொடர்ச்சி மலைச் சாரல்களில் பிப்ரவரியிலேயே புல் காய்ந்துவிடுகிறது. அங்கே 2018-ஆம் ஆண்டு நிகழ்ந்ததை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம்.

தேனி மாவட்டத்தில் போடிநாயக்கனூருக்கு மேற்கே, மலையடிவாரத்தில் குரங்கணி என்னும் சிற்றூர் இருக்கிறது. அங்கிருந்து மலையேறினால் 7,000 அடிக்கு மேல் கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டம். 2018 மார்ச்சு மாதம், மகளிர் நாளையொட்டி வந்த வார இறுதியில், சென்னை, ஈரோடு, திருப்பூர்ப் பகுதிகளிலிருந்து வந்த ஏறத்தாழ 40 பேர் இம்மலையில் நடைப்பயணம் மேற்கொண்டனர். பெரும்பாலோர் இளைஞர், பெண்கள் மிகுதி. மார்ச்சு 11, ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், மலையிலிருந்து இறங்கி வருகையில் தீ அவர்களை வளைத்துக்கொண்டது. அச்சத்தால் சிதறி ஓடியவர் பலர். பள்ளத்தில் விழுந்தவர் உண்டு. பாறைமேல் ஒதுங்கிப் பிழைத்தவரும் உண்டு. உரிய இசைவு பெற்றுச் சென்றனரா, இசைவு எவ்வழிக்குத் தரப்பட்டது என்பவையெல்லாம் பின்னர் விசாரணைக்கு உரியவாயின. அவற்றை இங்கு விரிக்க வேண்டுவதில்லை.

அன்று மாலை நம்மில் பலர் தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருந்தோம். தமிழக அரசு மைய அரசின் உதவியை நாடியது. அந்நாளில் பாதுகாப்பு அமைச்சராயிருந்தவர் மதுரையில் பிறந்த திருமதி நிர்மலா சீதாராமன். வானூர்திப் படைக்கு ஆணை பிறந்தது. கோயமுத்தூரை அடுத்த சூலூர்ப் படைத்தளத்திலிருந்து ஹெலிகாப்டர்கள் புறப்பட்டன. செய்தியைக் கேட்டதும் நாம் அனைவரும் நெஞ்சில் கைவைத்து ஆறுதல் அடைந்தோம். ஹெலிகாப்டர் புறப்பட்டுவிட்டது என்றால் பிள்ளைகள் பிழைத்துவிட்டார்கள் என்பதே நம் எண்ணம். தில்லியில் இருப்பவர்க்கு இவ்வெண்ணம் சற்று மிகுதியாகவே உண்டு. ஆணை பிறக்கும் ஊரில் வாழ்வதால், ஆணை பிறந்ததும் செயல் முடிந்துவிட்டதாகத் தோன்றிவிடுகிறது.

சூலூரிலிருந்து குரங்கணி வான்வழியே ஏறத்தாழ 100 கிலோமீட்டர்தான்; தொலைவு தடையன்று. ஆனால் மார்ச்சு மாதத்தில் அப்பகுதியில் மாலை ஆறரை மணிக்கெல்லாம் கதிரவன் மறைந்துவிடுவான். செங்குத்தான சரிவு, புகை, இருள், எங்கே இருக்கிறார்கள் என்று தெரியாத மக்கள். அன்றிரவு ஹெலிகாப்டரால் மீட்பு நிகழவில்லை. பொழுது விடிந்த பின்னரே அவை மலைமேல் சுற்றின. கருட் கமாண்டோக்கள் இறங்கித் தேடும் பணியில் ஈடுபட்டனர்.

அவ்வாறாயின் இரவெல்லாம் மலையிலிருந்து இறக்கியது யார்? குரங்கணி மக்களும், மலைவாழ் மக்களும், வனத்துறையினரும், தீயணைப்புத் துறையினரும், காவலரும் ஆவர். முதலில் புகையைக் கண்டவர்களும் ஓலத்தைக் கேட்டவர்களும் அவ்வூரார். எவருடைய ஆணைக்கும் காத்திராமல் கைவிளக்கை எடுத்துக்கொண்டு மேலே ஏறினர். போர்வையைக் கம்பில் கட்டித் தூளியாக்கி, வெந்த உடல்களை அதில் கிடத்தித் தோள்மாற்றித் தோள்மாற்றிக் கீழே கொணர்ந்தனர். பகலிலேயே கால் வழுக்கும் பாதை. அதில் இருட்டில், தூளியிற் கிடப்பவர் வலி தாங்காது கதற, அடி மேல் அடி வைத்து இறங்கினர். அவர்களுக்கு விருது வழங்கும் விழா எதுவும் தில்லியில் நடந்ததாக நமக்கு நினைவில்லை. விடிவதற்குள் உயிரோடு இருந்தவரிற் பெரும்பாலோர் இவ்வாறு இறக்கப்பட்டுப் போடி, தேனி மருத்துவமனைகளுக்கும், அங்கிருந்து மதுரைக்கும் கொண்டுசெல்லப்பட்டனர்.

மலையில் மாண்டவராக முதலில் எண்ணப்பட்டவர் 9 பேர். இறுதியில் எண்ணிக்கை 23 ஆயிற்று. இவ்விரு எண்களுக்கும் இடையேயுள்ள 14 பேரைக் குறித்துப் பின்னர்ப் பேசுவோம். அவர்கள் மலையிலிருந்து இறக்கப்பட்டவர்கள். மருத்துவமனையில் கிடந்து, நாள்கணக்கிலும் வாரக்கணக்கிலும் போராடி மாண்டவர்கள்.

ஹெலிகாப்டர் ஏன் தீயை அஞ்சுகிறது என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். இவ்விடத்தில் பெயரைப் பற்றி ஒரு சொல். தமிழகத்தில் நாம் ஹெலிகாப்டர் என்றே எழுதுகிறோம். ஈழத்துத் தமிழர் உலங்கு வானூர்தி என்கின்றனர். உலங்கு என்பது கொசுவுக்குப் பழைய பெயர். நின்ற இடத்திலேயே இரைந்துகொண்டு நிற்கும் ஊர்தியைக் கண்டு கொசுவை நினைத்த அறிஞர் யாரென்று அறியோம். அவருக்கு நம் வணக்கம்.

இக்கொசு, காற்றைக் கீழே தள்ளித்தான் மேலே நிற்கிறது. காற்று அடர்ந்திருந்தால் சிறகுக்குப் பிடிமானம் உண்டு. மலையுச்சியில் காற்று மெலிந்திருக்கும். தீயின்மேல் வெப்பத்தால் இன்னும் மெலியும். சமவெளியில் இருபது பேரைத் தூக்கும் ஊர்தி, உயர்ந்த மலையில் எரியும் சரிவுக்கு மேல் அதிற் பாதியைத் தூக்கவும் திணறும். மேலும், அது கீழே தள்ளும் காற்று துருத்தியாகித் தீயை வளர்க்கும். பொறியைத் திசையெங்கும் சிதறடிக்கும். காப்பாற்ற வந்த ஊர்தி தாழ இறங்கினால் காப்பாற்றப்பட வேண்டியவர்மேல் தீயை ஏவிவிடக்கூடும். ஆகவே உயரத்தில் நின்று கயிறு விட வேண்டும். கயிற்றில் ஒருவராக, இருவராகத்தான் ஏற்ற முடியும். புகையில் விமானிக்குக் கண் தெரியாது. கண் தெரியாத விமானிக்கு மலையும் மின்கம்பியும் எமன். 2019 ஆகஸ்டில் உத்தரகாசியில் வெள்ள நிவாரணத்துக்குச் சென்ற ஹெலிகாப்டர் ஒன்று கம்பியில் சிக்கி வீழ்ந்து மூவர் மாண்டனர். அங்கே புகைகூட இல்லை.

தீயின் நடையையும் அறிதல் வேண்டும். சமவெளியில் நடக்கும் தீ, சரிவில் ஏறும்போது ஓடும். சரிவு ஒவ்வொரு பத்துப் பாகை கூடும்போதும் அதன் வேகம் ஏறத்தாழ இருமடங்காகும் என்பது காட்டுத் தீ ஆராய்ந்தோர் கண்ட கணக்கு. முப்பது பாகைச் சரிவில் எட்டு மடங்கு ஆயிற்று. மனிதனோ சரிவில் ஏற ஏற மெலிகிறான். ஆகவே மேல்நோக்கி ஓடித் தீயை வென்றவர் அரியர். புல்லில்லாத பாறை, ஓடைப் படுகை, தீ முன்னமே தின்று போன கருநிலம் ஆகிய இம்மூன்றுமே கைக்கு எட்டும் புகலிடம். நைலான் உடை வெப்பத்தில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பருத்தி அவ்வாறு செய்யாது. மலைக்குச் செல்லும் நம் பிள்ளைகளுக்குப் பணப்பையைக் கொடுக்கும்போது இவற்றையும் சொல்லிக் கொடுப்போமாக.

இவ்வளவு தடைகள் இருப்பினும் வான்வழி மீட்பு வெற்றி பெற்ற இடங்கள் உண்டு. 2020 செப்டம்பர் 5-ஆம் நாள், அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தின் மாமத் பூல் என்னும் நீர்த்தேக்கத்தருகே விடுமுறைக்குச் சென்றிருந்த நூற்றுக்கணக்கானோரைத் தீ சூழ்ந்தது; வெளியேறும் சாலை அடைபட்டது. மக்கள் ஏரிக்கரையில் திரண்டனர். அன்றிரவு அம்மாநிலப் படையின் சினூக் ஹெலிகாப்டர் ஒன்றும் பிளாக் ஹாக் ஒன்றும், இருளில் பார்க்க உதவும் கண்ணாடி அணிந்த விமானிகளோடு புகையைக் கிழித்துக்கொண்டு வந்து கரையில் இறங்கின. ஒரு நடையில் சினூக் 102 பேரை ஏற்றிச் சென்றது. இருக்கைக் கணக்கைப் பார்த்தால் இதிற் பாதிகூடத் தகாது. இரவு முழுதும் மீண்டும் மீண்டும் வந்து, மறுநாளுக்குள் 242 பேரை மீட்டனர். இதில் நாம் கருத வேண்டுவது விமானியின் வீரத்தோடு நில்லாது, அங்கே இறங்க இடம் இருந்தது என்பதையுமாம். நீருக்கும் கரைக்கும் இடையே புல்லும் மரமுமற்ற திறந்த வெளி. மக்கள் அனைவரும் ஓரிடத்தில். குரங்கணியில் இவை இல்லை. சினூக் ஊர்தி நம் படையிலும் இன்று உண்டு. 2019 மார்ச்சில் சண்டிகரில் அதனைச் சேர்த்துக்கொண்டனர். குரங்கணி நிகழ்ந்து ஓராண்டு கழிந்த பின்பு. அது முன்னரே இருந்திருந்தால் என்று ஏங்குவார் உளர். இருந்திருந்தாலும் அச்சரிவில் அது கால் வைக்க ஓரிடமில்லை.

வான்வழி தோற்ற இடத்தையும் சொல்ல வேண்டும். ஆஸ்திரேலியாவில் மல்லகூட்டா என்னும் கடற்கரை ஊரில், 2019-ஆம் ஆண்டின் கடைசி நாளில் ஏறத்தாழ 4,000 பேர் தீயால் துரத்தப்பட்டுக் கடல் ஓரத்தில் நின்றனர். காலையில் வானம் இரவெனக் கறுத்துப் பின் குருதியெனச் சிவந்ததைப் படங்களில் கண்டோம். புகை தடித்திருந்தமையால் விமானங்கள் இறங்க இயலவில்லை. மூன்றாம் நாள் சூல்ஸ் என்னும் கடற்படைக் கப்பல் ஏறத்தாழ 1,000 பேரை ஏற்றிக்கொண்டது. கப்பலின் ஏணியில் ஏற மாட்டாத முதியவரும் சிறு குழந்தைகளை உடையவரும் புகை விலகும்வரை விமானத்துக்காகக் காத்திருந்தனர். சிறகு முளையாத குஞ்சுகள் அங்கும் பின்தங்கவே நேர்ந்தது.

நாம் மிகவும் போற்றுவது மற்றோர் ஊரை. கனடா நாட்டின் வடமேற்குப் பகுதியின் தலைநகராகிய எல்லோநைஃப் ஏறத்தாழ 20,000 மக்களைக் கொண்டது. தெற்கே செல்ல ஒரே நெடுஞ்சாலை. 2023 ஆகஸ்டு 16 மாலையில், தீ இன்னும் பதினைந்து கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கையிலேயே, நகரம் முழுவதும் 18-ஆம் நாள் நண்பகலுக்குள் வெளியேறுக என்று அரசு ஆணையிட்டது. ஊர்தி உள்ளவர் சாலை வழியே சென்றனர். அவர்கள் ஏறத்தாழ 15,000 பேர். ஊர்தி இல்லாதவர், நோயாளிகள், முதியோர் ஆகியோருக்கு விமானம். ஒரு பள்ளிக்கூடத்தின் முன் பல மணி நேரம் வரிசையில் நின்று, ஏறத்தாழ 3,800 பேர் வான்வழியே சென்றனர். சாலை நன்றாயிருப்பவன் சாலையிற் செல்க, சாலையில் செல்ல இயலாதவனுக்கே விமானம் என்பது எவ்வளவு நேரிய பங்கீடு! தீ இறுதியில் ஊருக்குள் நுழையவில்லை. செப்டம்பர் தொடக்கத்தில் மக்கள் வீடு திரும்பினர். வீணாய் அலைக்கழித்தார்கள் என்று முணுமுணுத்தவர்கள் அங்கும் இருந்திருப்பார்கள். முணுமுணுக்க உயிரோடு இருக்கிறார்களே, அதுவன்றோ ஆணையின் பயன்.

குரங்கணிக்கும் எல்லோநைஃபுக்கும் உள்ள வேற்றுமை விமானத்தின் எண்ணிக்கையில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. ஓரிடத்தில் தீ வருமுன் ஊர்தி வந்தது. ஓரிடத்தில் தீ போன பின் வந்தது. காட்டில் தீ தோன்றுவதை இன்று விண்ணிலிருந்தே காண்கிறார்கள். தேராதூனிலுள்ள இந்திய வன அளவை நிறுவனம் 2004 முதல் செயற்கைக்கோள் வழியே தீயிடங்களைக் கண்டு மாநில வனத்துறைகளுக்கு அறிவித்து வருகிறது. பின்னர் இது வனக் காவலரின் கைப்பேசிக்கே செல்லும்படி வளர்ந்தது. ஆயினும் செயற்கைக்கோள் நம் தலைக்குமேல் இடையறாது நிற்பதில்லை; நாளுக்குச் சில முறையே கடந்து செல்கிறது. இரண்டு கடப்புகளுக்கு இடையே ஒரு பிற்பகல் முழுதும் கழிந்துவிடலாம். அந்த இடைவெளியை நிரப்புபவன் மலையில் நிற்கும் தீத்தடுப்புக் காவலன் ஒருவனே.

குரங்கணிக்குப் பின் தமிழக அரசு 2018-இலேயே மலையேற்றத்துக்கு விதிகள் வகுத்தது. 2024-இல் 40 வழிகளைத் தேர்ந்து, முன்பதிவும் வழிகாட்டியும் உடன்வைத்துத் திறந்துவிட்டது; பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை தீப்பருவத்தில் அவ்வழிகளை மூடிவிடுகின்றனர். வழிகாட்டிகளாக மலைவாழ் இளைஞர்களையே பயிற்றியிருக்கின்றனர் என்பது நமக்கு மிக்க மகிழ்ச்சி. தூளி கட்டித் தூக்கியவர்களின் பிள்ளைகளுக்குத்தான் அவ்வேலை உரியது.

இனி நம் வடக்கு மலைகளுக்கு வருவோம். குமாவுன், கடுவால் மலைகளில் சீர் என்னும் பைன் மரம் காடு காடாக நிற்கிறது. கோடையில் அதன் ஊசி இலை உதிர்ந்து, மெத்தை விரித்தாற்போல் தரையை மூடுகிறது. மலைமக்கள் அதனைப் பிரூல் என்பர். பிசின் நிறைந்தது, ஒரு பீடித் துண்டு போதும். 2016 ஏப்ரல் இறுதியில் உத்தராகண்டத்தில் தீ மிகுந்தபோது வானூர்திப் படை எம்.ஐ.17 ஹெலிகாப்டர்களை அனுப்பியது. அவற்றின் கீழே பெரிய பையைக் கயிற்றில் தொங்கவிட்டு, பீம்தால் ஏரியில் முகந்து எரியும் காட்டின்மேல் ஊற்றினர். ஒரு முகப்புக்கு 3,000 முதல் 5,000 லிட்டர் வரை கொள்ளும். 2019-இல் பந்திப்பூரிலும், 2021-இல் நாகாலாந்து எல்லையிலுள்ள சூக்கோ பள்ளத்தாக்கிலும், 2024-இல் மீண்டும் நைனிதாலிலும் இம்முறை கையாளப்பட்டது. பீம்தாலில் படகு விட்டு மகிழ்ந்திருக்கிறோம். அந்நீர் இவ்வாறும் பயன்படும் என்பதை நம் குழந்தைகளுக்குக் காட்டலாம்.

படகு விடும் பயணிகளுக்காகப் பேசுவோர் பலர். தீயோடு நேர் நின்று போரிடும் கூலியாளுக்காகப் பேசுவோர் சிலரே. 2024 சூன் 13-ஆம் நாள் அல்மோரா மாவட்டத்துப் பின்சர் வனவிலங்குப் புகலிடத்தில் தீயணைக்கச் சென்ற வனத்துறைப் பணியாளர் எண்மர், காற்றுத் திசை மாறியதால் தீயிடை அகப்பட்டனர். அவர்களிடம் இருந்தது ஒரு ஜீப்பும் பச்சைக் கிளைகளும் கைக்கருவிகளுமே. நால்வர் அங்கேயே மாண்டனர். மற்ற நால்வரும் விமானத்தில் ஏற்றப்பட்டு இத்தில்லிக்குக் கொண்டுவரப்பட்டு அகில இந்திய மருத்துவக் கழகத்தில் சேர்க்கப்பட்டனர். நாம் அன்றாடம் கடந்து செல்லும் கட்டடம் அது. அவர்களிலும் எல்லோரும் பிழைக்கவில்லை. பிறந்தது முதல் மலையிலேயே வாழ்ந்த அவர்கள் முதன்முறை விமானத்தில் ஏறியதும் அப்பொழுதாகத்தான் இருந்திருக்கும்.

பின்சரின் பின்னும் ஹெலிகாப்டர் நீர் முகந்து சென்றது. தீ தொடங்கிய அன்றே அது சென்றிருந்தால் என்னும் வினாவை அம்மாநிலத்தார் எழுப்பினர், நாமும் எழுப்பலாம். நம் உறுப்பினரிற் பலர் அமைச்சகங்களில் பணி செய்தவர்கள், செய்துகொண்டிருப்பவர்கள். ஒரு மாவட்ட ஆட்சியர் கேட்டு, மாநிலச் செயலகம் கேட்டு, தில்லி இசைந்து, படைத்தளம் புறப்படும்வரை எத்தனை மேசைகள் என்பது அவர்களுக்குத் தெரியும். தீப்பருவம் நாட்காட்டியில் எழுதி வைத்தாற்போல் ஆண்டுதோறும் வருவது. புயலைப்போல் எதிர்பாராது வருவதன்று. அவ்வாறிருக்க, அம்மூன்று மாதங்களுக்கு இசைவை முன்னரே கொடுத்து, ஊர்தியை மலையடியிலேயே நிறுத்தி வைப்பதில் என்ன தடை என்பது நமக்கு விளங்கவில்லை. செலவு என்பார்கள். செலவுதான். 2013 சூனில் கேதார வெள்ளத்தின்போது இதே உத்தராகண்டத்தில் வானூர்திப் படை பல்லாயிரவரை மீட்டதே, அதுவும் செலவுதான். அப்போது தமிழக யாத்திரிகர் தில்லிக்கு வந்து சேர்ந்து, தமிழ்நாடு இல்லத்தில் தங்கிச் சென்னைக்குத் திரும்பினர். அந்த மீட்பில், சூன் 25 அன்று, கௌரிகுண்டத்தருகே எம்.ஐ.17 ஒன்று வீழ்ந்து 20 பேர் உயிர் நீத்தனர். மீட்க வந்தவர்கள் அவர்கள். விமானியை அழைப்பது அவ்வளவு எளிய செயலன்று என்பதற்காகவே, அழைப்பதற்கு முன் நாம் செய்யக் கூடியவற்றைச் செய்திருத்தல் வேண்டும்.

கோடைப் பயணம் செல்வோர், தங்கும் ஊரின் பெயரையும் திரும்பும் நாளையும் இங்குள்ள ஒருவரிடம் எழுதிக் கொடுத்துச் செல்க. காட்டு வழி நடப்பதாயின் வனத்துறைச் சாவடியில் எத்தனை பேர் என்பதைப் பதிக. குரங்கணியில் மலையில் இருந்தவர் எத்தனை பேர் என்ற கணக்கே முதல் நாள் ஒன்றாகவும் பின்னர் வேறாகவும் இருந்தது. தேடுவோர்க்கு எண் தெரியாவிடின், தேடுவதை எப்போது நிறுத்துவது என்பதும் தெரியாது.

இனி, முன்னர்ச் சொல்லி நிறுத்திய அந்த 14 பேர். தீயிலிருந்து தூக்கப்பட்டவர் ஏன் மாள்கின்றனர்? தோல் உடலின் மதில். அது வெந்துபோனால் உள்ளிருக்கும் நீர் கசிந்து வெளியேறுகிறது. வெளியிலிருக்கும் கிருமி தடையின்றி உள்ளே நுழைகிறது. உடலிற் பாதி வெந்தவர்க்குத் தம் உடலிலிருந்தே தோல் எடுத்து ஒட்டப் போதுமான தோல் இருப்பதில்லை. அந்நிலையில், மாண்டவர் தந்த தோலைத் தற்காலிகமாகப் போர்த்தினால் மதில் எழும்பும். மூன்று நான்கு வாரம் தாங்கும். அதற்குள் நோயாளியின் சொந்தத் தோல் வளர இடங் கிடைக்கும். ஹெலிகாப்டர் தூக்கி வந்த உயிரை அதன் பின் காப்பது இந்தத் தோல்.

கண்தானத்தை நம் சங்கத்தார் நன்கறிவர். அட்டை வைத்திருப்போர் பலர். தோல்தானத்தை அறிந்தோர் குறைவு. வட இந்தியாவின் முதல் தோல் வங்கி நம் தில்லியிலேயே, சப்தர்ஜங் மருத்துவமனையில் 2023 சூனில் தொடங்கப்பட்டது. பதினெட்டு வயது நிரம்பியோர் தரலாம். குருதி வகை பொருந்த வேண்டுவதில்லை. உயிர் பிரிந்த ஆறு மணி நேரத்துக்குள் எடுத்தல் வேண்டும். தொடை, கால், முதுகு ஆகிய மறைவான இடங்களிலிருந்து மெல்லிய மேலடுக்கை மட்டும் எடுக்கின்றனர். குருதி பெருகுவதில்லை, உருவம் சிதைவதில்லை, கட்டுப் போட்டுத் தந்துவிடுகின்றனர். சடங்குக்குத் தடையாகுமோ என்று அஞ்சும் பெரியோர்க்கு இதனைச் சொல்லுங்கள். எடுத்த தோலைக் கிளிசரினில் வைத்து ஆண்டுக்கணக்கில் காக்கலாம். மருத்துவர் வந்து பணி முடித்துச் செல்ல ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆவதில்லை.